யாரிடமிருந்து ஏரியைச் சுத்தம் செய்கிறோம்?

2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மேனாம்பேடு ஏரிக்கரையில் நாற்பது பேர் கூடியிருந்தோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், ஆய்வு மாணவியான நான். எல்லோருக்கும் ஒரே நிற டி-சர்ட், முகக்கவசம், முழங்கை வரை வரும் தடித்த ரப்பர் கையுறை. இரண்டரை மணி நேரம் வேலை செய்தோம். பால் கவர், தெர்மாகோல், குவார்ட்டர் பாட்டில், பூசை முடிந்து வீசப்பட்ட சாமி படங்கள், எதிலும் சுற்றாமல் போட்ட நாப்கின் என்று மூட்டை மூட்டையாகக் கரையில் சேர்ந்தது.

மூட்டைகளைக் கட்டி முடித்தபோது குழுவில் ஒருவர் யாருக்கோ போன் செய்தார். சற்று நேரத்தில் பேட்டரி வண்டியோடு இரண்டு தூய்மைப் பணியாளர் அக்காக்கள் வந்தார்கள். ஒழுகிக்கொண்டிருந்த மூட்டைகளை வெறும் கையால் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். நாற்பது பேருக்கு நாற்பது ஜோடி கையுறை என்று கணக்குப் போட்டு வாங்கியிருந்தோம். அந்தக் கணக்கில் அவர்கள் இல்லை. நான் அதைப் பார்த்தேன். என் கையுறையைக் கழற்றிக் கொடுக்கவில்லை. அதற்குள் குழுப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். வண்டி படத்துக்குள் வராதபடி எங்களைக் கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொன்னார்கள். நகர்ந்தோம்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். அம்மா பதினெட்டு வருடம் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். அவருடைய சம்பளத்தில்தான் நான் முதுகலை வரை படித்தேன். என் முகத்தையோ ஏரியையோ அவர் பார்க்கவில்லை. போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்தக் கிளவுசு எங்க வாங்குனீங்க? நல்லா தடியா இருக்கே" என்றார்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

அதே ஞாயிறு காலையில், அம்பத்தூரிலிருந்து மின்சார ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில், ரிப்பன் மாளிகைக்கு எதிரே நடைபாதையில் நூற்றுக்கணக்கான தூய்மைப் பணியாளர்கள் பத்தாவது நாளாக உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து அவர்கள் ஆகஸ்ட் 1ஆம் தேதி போராட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். பல ஆண்டுகள் வேலை செய்த தங்களைப் பணி நிரந்தரம் செய்ய வேண்டும், தனியார் நிறுவனத்துக்கு மாற்றினால் சம்பளம் பல ஆயிரம் ரூபாய் குறையும் என்பதுதான் அவர்கள் சொன்னது. எங்கள் அம்பத்தூர் மண்டலம் உட்பட நகரின் பெரும்பாலான மண்டலங்கள் ஏற்கனவே தனியாரிடம் போய்விட்டன. ஆகவே அது வேறு யாருக்கோ நடக்கும் பிரச்சினை அல்ல. எங்கள் தெருவில் நடந்து முடிந்த ஒன்று, அங்கே தடுத்து நிறுத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

அன்று மாலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு யோசனை வந்தது. "குப்பை அள்ளுறவங்க ஸ்டிரைக். ஊரே நாறுது. அடுத்த ஞாயிறு நாம அந்த ஏரியாக்களுக்குப் போய் இறங்கி வேலை செய்யலாமா?" கீழே வரிசையாகக் கைத்தட்டல்கள். இதை எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. குப்பை கிடக்கிறது, கை இருக்கிறது, அள்ளலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளியின் வேலையை இலவசமாகச் செய்து கொடுப்பதற்குப் பெயர் சேவை இல்லை, கருங்காலித்தனம். அவர்கள் கேட்பது என்ன என்று நாம் யாராவது படித்தோமா என்று கேட்டேன். "இங்கே அரசியல் வேண்டாம், சுற்றுச்சூழல் மட்டும்" என்று பதில் வந்தது.

சுற்றுச்சூழல் மட்டும் என்று இந்த நாட்டில் ஒன்று இருக்கிறதா? இங்கே நீர்நிலையைச் 'சுத்தம் செய்தல்' என்ற செயலுக்கே ஒரு வரலாறு உண்டு. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தலித் மக்களோடு ஊர்வலமாகச் சென்று சவதார் குளத்தில் நீர் அருந்தினார். சட்டப்படி அந்தக் குளம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருந்தது. ஆனால் தலித்துகள் அருகில் போக முடியாது. அவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிறகு சாதி இந்துக்கள் அடித்தார்கள். பிறகு சாணமும் கோமியமும் தயிரும் கலந்து குடம் குடமாகக் குளத்தில் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். மாட்டுச் சாணம் கலந்தால் தண்ணீர் தூய்மையாகும், மனிதன் கை பட்டால் அசுத்தமாகும் என்று நம்பிய சமூகம் இது. அதற்கும் மூன்று ஆண்டுகள் முன்பே, 1924இல், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தண்ணீரைப் பற்றிப் பேசும் எவரும் சாதியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பேசாமல் இருப்பது, ஒரு பக்கத்தின் சார்பாகப் பேசுவதுதான்.

எங்கள் நிகழ்வின் தொடக்கத்தில் ஒருவர் உருக்கமாகப் பேசினார். "நம் முன்னோர்கள் ஊர் கூடி ஏரியைத் தூர்வாரினார்கள். குடிமராமத்து என்பது உலகத்துக்கே முன்மாதிரி." இந்தப் பேச்சை நீங்களும் பல மரம் நடு விழாக்களிலும் விதைத் திருவிழாக்களிலும் கேட்டிருப்பீர்கள். ஊர் கூடி என்றால் எந்த ஊர்? தமிழ்நாட்டில் ஊர் என்றால் சேரி அதற்குள் வராது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் அந்தத் தேரின் வடத்தைத் தலித்துகளும் தொட வேண்டும் என்று கேட்டபோது தேரே பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. பல ஊர்களில் மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சியவர்கள், இரவில் கரை காத்தவர்கள் நீர்க்கட்டி என்றும் நீராணிக்கர் என்றும் அழைக்கப்பட்ட தலித்துகள். ஏரியின் தண்ணீர் அறிவு அவர்களிடம் இருந்தது. ஏரியின் பாசன நிலம் அவர்களிடம் இல்லை. குடிமராமத்து எல்லா இடத்திலும் மனமுவந்த கூட்டுழைப்பாக இருந்திருந்தால், கரை உடைப்பை அடைக்க ஆட்களைக் கட்டாயப்படுத்த வழிசெய்யும் சட்டத்தைச் சென்னை மாகாண அரசு 1858இல் கொண்டுவர வேண்டியிருந்திருக்காது. பாரம்பரிய நெல்லைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம். அந்த நெல்லை விளைவித்தவர்கள் கூலியாகக் கூடுதல் நெல் கேட்டபோது, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் நாம் மீட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதையை மீட்கும்போது பண்ணையாரையும் சேர்த்து மீட்டுவிடக் கூடாது என்கிறேன்.

அன்றைய காலை உணவுக்கு அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்து பகிர்ந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். கூடவே ஒரு வரி: "சைவம் மட்டும் ப்ளீஸ்." காரணம் கேட்டால் பருவநிலை மாற்றம், இறைச்சியின் கார்பன் அளவு என்று சொல்வார்கள். உலக அளவில் தொழிற்சாலை முறையிலான இறைச்சி உற்பத்தி பெரும் கேடு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் பாலும் நெய்யும் பன்னீரும்கூட உண்டு. அவற்றைக் கொண்டுவர வேண்டாம் என்று யாரும் எழுதவில்லை. அன்று பன்னீர் சாண்ட்விச்தான் முதலில் தீர்ந்தது. கருவாட்டுக் குழம்பும் மாட்டுக்கறி வறுவலும் வாராமல் பார்த்துக்கொள்ளும் பழைய விதிக்கு இப்போது அறிவியலின் டி-சர்ட் போட்டிருக்கிறார்கள். 'சுத்த சைவம்' என்று பலகை மாட்டும் ஊரில் 'சுத்தம்' என்ற சொல் எந்த வாசல் வழியாக வருகிறது என்று நமக்குத் தெரியாதா?

அதைவிடக் கனமான விஷயம் ஒரு வாரம் கழித்து வந்தது. ஏரிக்கரையை ஒட்டியிருக்கும் சில வீடுகளை அகற்றக் கோரும் மனு. தகரக் கூரையும் ஹாலோ பிளாக் சுவருமாக இருக்கும் வீடுகள். அங்கே இருப்பவர்கள் எங்கள் அடுக்குமாடிகளில் பாத்திரம் கழுவுகிறார்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தினக்கூலிக்குப் போகிறார்கள். மனுவில் 2007ஆம் ஆண்டின் நீர்நிலைகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் சரியாக மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்கள்.

ஏரி மீள வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் நீர் போகும். இப்படித் தொடுத்த சங்கிலியாக இருந்த ஏரிகளை நகரம் தின்றுவிட்டது. மழை வந்தால் முதலில் தண்ணீர் ஏறுவதும் அந்தத் தகரக் கூரை வீடுகளில்தான். ஆனால் ஆக்கிரமிப்பு என்ற சொல் ஏன் எப்போதும் கூரை தாழ்ந்த வீட்டை மட்டும் தேடிப் போகிறது? தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியின் மேல் எழுந்த குடியிருப்பு. வள்ளுவர் கோட்டம் நிற்பது ஏரியாக இருந்த நிலத்தில். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மாநகராட்சியே பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டியது. இவற்றையெல்லாம் வளர்ச்சி என்போம். கூவம் ஓரத்திலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் இருந்தவர்களை மட்டும் வெள்ள ஆபத்து என்று சொல்லிக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டுவோம். அப்படிக் கொண்டுபோன செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் மழைக்கு மூழ்கும் தாழ்நிலங்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்துக்குள் விட்டோம். அங்கே போனவர்களில் பெரும்பகுதி தலித்துகள். வேலை போனது, பிள்ளைகளின் பள்ளி போனது. நகரின் மறுகோடியிலிருந்து அம்பத்தூருக்குப் பாத்திரம் கழுவ எப்படி வருவது?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஏரியில் நாற்றமெடுப்பது எது? அந்தச் சில வீடுகளா, மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாக இணைக்கப்படும் கழிவுநீர்க் குழாய்களா? பக்கத்துக் கொரட்டூரில் குடியிருப்போர் தங்கள் ஏரியில் கழிவுநீரும் ஆலைக்கழிவும் கலப்பதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அதுதான் சரியான திசை. அதற்குப் பெரிய ஆட்களோடு மோத வேண்டும், சில சமயம் சொந்தக் குடியிருப்பின் செயலாளரோடும் மோத வேண்டும். கூரை வீட்டுக்காரரோடு மோத ஒரு மனு போதும்.

நான் கையெழுத்துப் போடவில்லை. "அப்போ ஏரி நாசமாப் போகட்டுமா?" என்று அந்த வங்கி அங்கிள் கேட்டார். உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். நடக்க முடியாத முழங்காலோடு ஒவ்வொரு ஞாயிறும் வருபவர் அவர். அவருடைய அக்கறையை நான் கேலி செய்ய விரும்பவில்லை. அக்கறை இருப்பதனால்தான் அவரோடு பேச வேண்டியிருக்கிறது.

வேலைப் பிரிவினை எல்லாச் சமூகத்திலும் உண்டு. சாதி அதோடு நிற்பதில்லை, உழைப்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். தன்னார்வலரும் தூய்மைப் பணியாளரும் ஒரே குப்பையைத்தான் தொடுகிறார்கள். ஒருவருக்கு அது சான்றிதழ், இன்னொருவருக்கு அது தீட்டு. ஒருவர் குளித்ததும் அது போய்விடும், இன்னொருவருக்குப் பெண் கேட்டுப் போகும் இடம் வரை கூட வரும். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தமிழ்நாடு அரசு 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. கொரோனா காலத்தில் முன்களப் பணியாளர் என்று கைதட்டினோம், சில ஊர்களில் காலில் பூப்போட்டோம். கையுறை மட்டும் தடிமனாகவில்லை. 2013ஆம் ஆண்டின் சட்டம் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்தது. கழிவுநீர்த் தொட்டியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதலான இந்த மரணங்களின் அரசுக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. சமூகநீதியின் மண் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இதைவிடப் பெரிய வெட்கம் எது?

இந்தியச் சூழலியல் சாதியை எப்படி ஒளித்து வைத்தது என்று முகுல் சர்மா 2017இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் இந்த விவாதம் முன்பே தெருவுக்கு வந்தது. 1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரில் பழுதான குப்பை லாரிக்குள் நசுங்கி இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் செத்தார்கள். ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் ஏந்திய அட்டையில் 'நான் ஒரு மனிதன்' என்று மட்டும் இருந்தது. நகர நிர்வாகம் மாற்று ஆட்களை இறக்கிப் போராட்டத்தை உடைக்கப் பார்த்தது. அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், தங்கள் ஊரில் நச்சுக் கழிவைக் கொட்ட வந்த லாரிகளின் முன்னால் கறுப்பின மக்கள் சாலையில் படுத்தார்கள். சுற்றுச்சூழல் நீதி என்ற சொல் அந்தச் சாலையிலிருந்து வளர்ந்தது. நீதி என்ற சொல் இல்லாத சுற்றுச்சூழல் வெறும் தோட்டக்கலை.

சென்னையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் ரிப்பன் மாளிகை முன் இருந்தவர்களைக் காவல்துறை வண்டிகளில் ஏற்றியது. மறுநாள் அமைச்சரவை தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது பணி நிரந்தரம், கிடைத்தது சிற்றுண்டி.

அப்படியானால் தன்னார்வலராகப் போவதை விட்டுவிட வேண்டுமா? கூடாது. நாம் விலகினால் அந்த மனு எதிர்ப்பே இல்லாமல் போகும். ஏரி நமக்கும் வேண்டும், மரம் நமக்கும் வேண்டும், வெயிலும் வெள்ளமும் முதலில் அடிப்பது நம் மக்களைத்தான். ஆகவே உள்ளே போவோம், ஆனால் நிபந்தனைகளோடு போவோம்.

வேலை ஏரியில் அல்ல, வீட்டில் தொடங்கட்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டு அபாயக் கழிவையும் பிரித்துக் கொடுப்பது குப்பையை உண்டாக்குபவரின் பொறுப்பு என்றன. நாப்கினைச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் இருந்தது. உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி மேலே எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகும். என் அம்மாவின் வலது உள்ளங்கையில் இருக்கும் நீண்ட தழும்பு யாரோ ஒருவர் மிச்சப்படுத்திய அந்த ஒரு நிமிடம். மஞ்சப்பையோடு கடைக்குப் போவது நல்லது. திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டி வீசினால் பை மஞ்சளாக இருந்து என்ன பயன்?

நிகழ்வு நடத்துகிறோம் என்றால், மூட்டையைக் கடைசியில் யார் தூக்குவது என்பதை முதலில் முடிவு செய்வோம். பணியாளர்களைக் கூப்பிட்டால் அவர்களுக்குரிய கூலியைக் கொடுப்போம், நம் கையுறையையே அவர்களுக்கும் வாங்குவோம், படத்தில் நிற்க அவர்களுக்கு விருப்பமா என்று கேட்போம். உணவில் யாருடைய பாத்திரத்தையும் விலக்க மாட்டோம். கரையில் வாழ்பவர்களிடம் பேசாமல் கரையைப் பற்றி மனு எழுத மாட்டோம். அருகிலேயே மாற்று வீடு தராமல் ஒரு வீட்டையும் இடிக்கச் சொல்ல மாட்டோம். கழிவுநீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். தூய்மைப் பணியாளர்கள் போராடும் நாளில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அல்ல, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவோம்.

எங்கள் குழு இப்போது இரண்டாகிவிட்டது. மனு போய்விட்டது, அதன் முடிவு இன்னும் தெரியவில்லை. கையெழுத்துப் போடாதவர்கள் ஒன்பது பேர். கரையோர வீடுகளிலிருந்து நான்கு பேர் எங்களோடு சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு அம்மாவுக்கு ஏரி நிரம்பிய வருடங்கள், கலங்கல் ஓடிய திசை எல்லாம் மனப்பாடம். எந்த ஞாயிறும் அவரை யாரும் பேசக் கூப்பிட்டதில்லை. கடந்த வாரம் அவர் சுட்டிக்காட்டிய இரண்டு குழாய்களின் வாயைப் படம் எடுத்து மனு தயாரித்திருக்கிறோம். அந்த வங்கி அங்கிள் மனுவைப் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடாமல், இரண்டு எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

கையுறைக் கடையின் முகவரியை அம்மாவிடம் கொடுத்தேன். இன்னும் வேலையில் இருக்கும் தன் தோழிகளுக்காகக் கேட்டிருக்கிறார். ஒரு ஜோடி 180 ரூபாய் என்றதும் கொஞ்சம் யோசித்தார். அவர்கள் அதைச் சொந்தக் காசில் வாங்க வேண்டிய நிலை இருக்கும் வரை, நம் ஏரி சுத்தமாகிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம்.